கைக்குழந்தை பெயரில் ஒரு மெயில் ஐடி

வெளிநாடு போக மலிவாக டிக்கெட் போடுவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். விடாப்பிடியாகக் கேட்டால், "வீட்டம்மாவிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். இதை அடக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த விஷயத்தில் வாயைத் திறக்கும் உரிமையை கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஒரு மத்தியான வேளையில், பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்க, நான் இழந்துவிட்டேன்.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு வியாபாரியிடம் ஆர்டர் வாங்கி, நூலில் தொடங்கி கப்பல் ஏறும்வரை எல்லாம் தேதிப்படி நடக்கிறதா என்று துரத்திக்கொண்டே இருக்கிற வேலை. பத்து வருடம் அந்த வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். உலகத்தில் எதையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் அடைத்துவிடலாம் என்று தோன்றும். என் கல்யாணத்துக்கே ஷீட் போட்டவன் நான். (முகூர்த்த நேரத்துக்கு மஞ்சள் கலர், பந்திக்குப் பச்சை.)

என் மனைவி சுகன்யா நர்ஸ். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. நானும் ஒன்பது மாத மகள் இனியாவும் கூடவே போக விசாவும் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனைதான். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அவள் அங்கே பயிற்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தவறினால் அடுத்த குழுவோடு, மூன்று மாதம் கழித்துத்தான்.

டிக்கெட் போடும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு, கொச்சி என்று நான்கு ஊருக்கும் தனித்தனிப் பக்கம். கட்டணம், நடுவில் காத்திருக்கும் நேரம், தள்ளுவண்டிக்குத் தனிக் காசு உண்டா, குழந்தைக்குத் தொட்டில் மாட்டும் சீட் கிடைக்குமா, இனியா தூங்கும் நேரத்தில் விமானம் எந்தக் கடலுக்கு மேலே இருக்கும் என்பதுவரை எழுதி வைத்தேன். கைப்பழக்கத்தில் அந்த ஃபைலுக்கு 'இனியா ஷிப்மெண்ட் ஃபைனல்' என்று பெயர் வைத்திருந்தேன்.

சுகன்யா அதை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, பாப்பாவை அட்டைப்பெட்டியில போட்டு அனுப்பறீங்களா?"

"நீ வேடிக்கை மட்டும் பாரு" என்றேன்.

கடைசியில் கொச்சி வென்றது. அங்கிருந்து ஒரு வளைகுடா நகரம், அதிலிருந்து மான்செஸ்டர். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நானும் மற்றவர்களைப் போல மரியாதையாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் டிக்கெட் விற்கும் இணையதளத்தில், முதல் முறை வாங்குகிறவர்களுக்குத் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் மின்னிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் ஒன்றாகப் போட்டால் அது ஒரு முறைதான் கிடைக்கும். இரண்டாகப் பிரித்துப் போட்டால் இரண்டு முறை. இந்த உண்மையைக் கண்டுபிடித்ததும் ஷீட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டேன்.

சுகன்யாவின் டிக்கெட்டை என் மெயில் ஐடியில் போட்டேன். இரண்டாவது கூப்பனுக்கு அந்த இணையதளம் கண்டிராத ஒரு புது ஆள் வேண்டும். சுகன்யாவின் மெயில் ஐடி அங்கே ஏற்கெனவே பழையது. வீட்டில் மிச்சம் இருந்தவள் இனியா மட்டும்தான். பல்லே முழுதாக முளைக்காத குழந்தைக்கு ஒரு மெயில் ஐடி திறந்தேன். போன் நம்பரும் புதிதாகக் கேட்டது. என் மாமனாரின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தேன். இவ்வளவு செய்தும் கூப்பன் விழவில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு தொகைக்கு வாங்க வேண்டும் என்று ஒரு விதி. என் ஒருவனுடைய டிக்கெட் அதைத் தொடவில்லை. மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தை என்று இனியாவை என் டிக்கெட்டோடு சேர்த்தேன். விழுந்தது.

"பாப்பா என்ர டிக்கெட்ல இல்லீங்களா?" என்று சுகன்யா கேட்டாள். குரலில் ஏதோ ஒரு சங்கடம். பால் குடிக்கிற குழந்தை அல்லவா.

"ஒரே ப்ளேன். பக்கத்துப் பக்கத்து சீட்டு. யார் டிக்கெட்ல இருந்தா என்ன?" என்றேன். எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை.

மே மாதம் என் மெயிலுக்கு ஒரு செய்தி வந்தது. காலை பத்து மணி விமானத்தை ரத்து செய்துவிட்டார்களாம். அன்றைக்கே மத்தியானம் ஒன்றரை மணி விமானத்தில் இடம் மாற்றித் தந்திருக்கிறார்களாம். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். விடியும் முன்னால் கிளம்ப வேண்டாம், குழந்தையின் தூக்கமும் கெடாது. ஷீட்டில் மூன்று பேருக்கும் நேரத்தை மாற்றி எழுதினேன். வந்த மெயிலில் சுகன்யாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. (வெளிநாட்டு வியாபாரிக்குப் போகிற மெயிலில் ஒரு கமா விட்டுப்போனால் ஆபீசையே இரண்டாக்கிய மனிதன் நான்.)

பயிற்சி தொடங்கும் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மடத்துக்குளத்தில் இருக்கும் என் அப்பா அம்மாவிடம் முன்தினமே சொல்லிக்கொண்டாயிற்று. கம்பெனியில் கேக் வெட்டி, நினைவுப் பரிசு கொடுத்து, முதலாளி கையால் சால்வையும் போட்டிருந்தார்கள். ஒரு தையல் யூனிட்டுக்கு மேல் மாடியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. தொட்டில்கூட எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. காரை ஓட்டி வந்தவர் என் மாமனார். திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வருடம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். என் மாமியார், சுகன்யா படித்துக்கொண்டிருந்தபோதே தவறிவிட்டார். அதற்குப் பிறகு வீரபாண்டி வீட்டில் அப்பாவும் மகளுமாகவே வாழ்ந்தார்கள். மகளை அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டிய மனிதர், கேரள எல்லையான வாளையாறு தாண்டும்வரை கண்ணாடியில் அடிக்கடி பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

விமான நிலையத்தில் முதலில் சுகன்யாவின் முறை. இரண்டு பெட்டிகளும் எடை போடப்பட்டன. எல்லை தாண்டவில்லை. தாண்டாது, ஒவ்வொரு காலுறையையும் கம்பெனியில் துணி எடை பார்க்கும் தராசில் வைத்துப் பார்த்தவன் நான். குழந்தையின் துணி, டயப்பர், பால் பவுடர், பாட்டில் எல்லாம் சேர்ந்தால் சரியாக ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டு அவள் பெட்டியில் அடுக்கியிருந்தேன். என் பெட்டியில் குக்கர், மசாலாப் பொடி, ஒரு கல் உரல். அவளுடைய பெட்டிகள் பெல்ட்டில் நகர்ந்து ரப்பர் திரைக்குள் போய் மறைந்தன.

பிறகு நான் என் காகிதங்களை நீட்டினேன். கவுண்ட்டரில் இருந்த மலையாளப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"சார், உங்களோட டிக்கெட் இன்னைக்கு இல்லையே. திங்கட்கிழமை அல்லே?"

"இல்லீங்க. ரெண்டும் ஒண்ணா போட்டது. ஒன்றரை மணி ஃப்ளைட்."

"மேடம் இன்னைக்கு. நீங்களும் குழந்தையும் திங்கட்கிழமை. மெயில் அனுப்பியிருக்கு, எஸ்.எம்.எஸ்ஸும் போயிருக்கு சார். பார்க்கலையா?"

போனில் இனியாவின் மெயில் ஐடியைத் திறந்தேன். பாஸ்வேர்டு ஞாபகம் வரவே ஐந்து நிமிடம் ஆனது. (அவள் பிறந்த தேதிதான். அதையும் முதலில் தப்பாகப் போட்டேன்.) படிக்கப்படாத மெயில்கள் நான்கு. 'அன்புள்ள இனியா, உங்கள் பயணத்தில் ஒரு மாற்றம்' என்று முதல் மெயில். 'அன்புள்ள இனியா, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று இரண்டாவது. கடைசி இரண்டும் கொஞ்சம் கோபமாகவே இருந்தன. அன்புள்ள இனியா அப்போது என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நின்றிருந்த மாமனாருக்குப் போன் செய்தேன். "மாமா, உங்க போனுக்கு ஏதாவது மெசேஜ் வந்துச்சுங்களா?"

"ஆமாங்க மாப்பிள்ளை. போன மாசம் பூராவும் என்னமோ இங்கிலீசுல வந்துட்டே இருந்துச்சு. லோன் வேணுமான்னு கேக்கறானாட்ட இருக்குதுன்னு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன்."

கூப்பன் கதையைக் கேட்டுக்கொண்டே அந்தப் பெண் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். அன்றைய விமானத்திலும் ஞாயிற்றுக்கிழமை விமானத்திலும் எனக்கு இடம் இல்லை. குழந்தையை மட்டும் சுகன்யாவின் டிக்கெட்டுக்கு மாற்றலாமா என்றால், ஒரு விமானத்தில் மடிக்குழந்தைகள் இத்தனை பேர்தான் என்று ஒரு கணக்கு உண்டாம், அது நிரம்பிவிட்டது. சுகன்யாவைத் திங்கட்கிழமைக்கு மாற்றலாம், ஆனால் திங்கட்கிழமை காலை அவள் அங்கே இருந்தாக வேண்டும்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "கூப்பனுக்காகப் பிரிச்சுப் போட்டாராம்" என்று தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சுகன்யா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு பாலூட்டும் அறைக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தபோது முகம் கழுவியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து போகும் நர்ஸ் அடுத்து வருபவளிடம் நோயாளியை ஒப்படைப்பது போலப் பேசினாள்.

"பாட்டில்ல குடிக்க மாட்டா. சங்குல குடுங்க. சாயங்காலம் ராகிக் கூழ், கொஞ்சமா நெய் விட்டு. மூக்கடைச்சா தலையை ஒசத்திப் படுக்க வெய்யுங்க. அழுதா உடனே பாலைக் குடுக்காதீங்க, அவளுக்கு என்ன வேணுமின்னு பாருங்க."

"நீ போகாம இருக்கலாம் சுகன்யா. அடுத்த பேட்ச்ல..."

"நான் போறனுங்க." கொஞ்ச நேரம் குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்திருந்தாள். "நீங்க வந்து சேருங்க. அது போதும்."

பாதுகாப்புச் சோதனை வாசலில் நுழையும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மூன்று வார ஆராய்ச்சியில் இப்படி ஒரு முதுகைப் பார்ப்பதற்கு நான் எந்தக் கட்டமும் போட்டு வைத்திருக்கவில்லை.

மகளைப் பிரிந்த துக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாமனார், மருமகனும் பேத்தியும் கல் உரலும் திரும்பி வருவதைப் பார்த்தார். டிக்கியைத் திறந்துவிட்டு, "ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார்.

வழியெல்லாம் இனியா அழுதாள். வீரபாண்டி வந்து சேர்ந்தபோதுதான் டயப்பர் ஞாபகம் வந்தது. எல்லாம் வானத்தில் போய்க்கொண்டிருந்தது. கைப்பையில் இருந்தது இரண்டே இரண்டு. வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய என்னை மாமனார் தடுத்தார். பீரோவிலிருந்து வெள்ளைப் பனியன் துணியை எடுத்தார், மேஜையில் விரித்தார், பேத்தியைப் படுக்க வைத்துக் கண்ணாலேயே அளவெடுத்தார். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு கோவணத் துணிகள். ஓரம்கூடப் பிசகவில்லை. "நூறு சதம் காட்டன் மாப்பிள்ளை. புண்ணாகாது" என்றார். அந்த வீட்டில் அன்று உருப்படியாகத் தொழில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் பால் பவுடர் வாங்கப் போன கடையில் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். முந்தாநாள் எனக்கு மாலை போட்டவர். "ஏனுங்க சார், இங்கிலாந்து போய்ட்டு அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். சாயங்காலத்துக்குள் கம்பெனியில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டு நாளில்தான் எனக்கு என் மகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. காலை பத்தரை தூக்கம், ஒரு மணி சாப்பாடு என்று ஷீட்டில் எழுதி வைத்திருந்தேன். அவள் அந்த ஷீட்டைப் படித்திருக்கவில்லை. தூங்குவதற்கு முன்னால் காதைப் பிடித்துத் திருகிக்கொள்வாள் என்பதும், கூழ் சூடாக இருந்தால் அழமாட்டாள், வாயைத்தான் இறுக மூடிக்கொள்வாள் என்பதும் எந்தப் பத்தியிலும் இல்லை. சங்கில் பால் ஊற்றினால் பாதி என் சட்டைக்குப் போனது. சனிக்கிழமை ராத்திரி முழுக்க அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் உடனே பாலைக் கொடுக்காதே, என்ன வேண்டும் என்று பார் என்று சுகன்யா சொன்னாள் அல்லவா. பார்த்தேன். அவளுக்கு வேண்டியது என்னிடம் இல்லை. தூக்கிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்துகொண்டே இருந்தபோது, அழுகையை நிறுத்திவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். தன் காது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வலித்தது. நான் கையை எடுத்துவிடவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் நெடும்பாசேரி. இந்த முறை டிக்கெட் சரியாக இருந்தது. ஆனால் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"குழந்தையோட அம்மா எங்கே?"

"மான்செஸ்டர்ல இருக்காங்க சார்."

"ஒன்பது மாதக் குழந்தையை விட்டுட்டு முன்னாடியே போயாச்சா? ஏன்?"

நியாயமான கேள்வி. தனியாக ஓர் ஆண், கையில் பால்குடிக் குழந்தை, பெட்டியில் உரல். நான் கூப்பனிலிருந்து ஆரம்பித்தேன். குறைந்தபட்சத் தொகை என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தி, பக்கத்து மேஜை அதிகாரியையும் கூப்பிட்டார். போனைத் திறந்து மெயில்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அன்புள்ள இனியா" என்று சத்தமாகப் படித்தார்.

"இந்தக் கைக்குழந்தைக்கு மெயில் ஐடியா?"

"ஆமாங்க சார். புதுக் கஸ்டமர் தள்ளுபடிக்காக."

இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே பயிற்சி தொடங்க இன்னும் நேரம் இருந்ததால் சுகன்யா வீடியோ அழைப்பை எடுத்தாள். திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் இனியா போனைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தாள். அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. முத்திரை குத்திவிட்டு அதிகாரி சொன்னார்: "அடுத்த தடவை டிக்கெட்டை மேடம் போடட்டும்."

விமானத்தில் தொட்டில் சீட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் டிக்கெட் மாறியபோதே போய்விட்டதாம். நடு சீட்டு. பயந்ததுபோல அவள் அழவில்லை. தையல் மிஷின் ஓடும் யூனிட்டுக்கு மேலே பிறந்து வளர்ந்தவள்; இன்ஜின் சத்தம் ஆரம்பித்ததும் என் மார்மேல் கவிழ்ந்து தூங்கிவிட்டாள். இரண்டாவது விமானத்தில் ஏழு மணி நேரம் நான் அசையவில்லை. ஜன்னல் சீட்டுக்காரர் மூன்று முறை என்னைத் தாண்டிப் பாத்ரூம் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

மான்செஸ்டரில் இறங்கியபோது மணி ஒன்பது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சுகன்யா பயிற்சியிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையோடு. ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். இனியா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி என் தோளில் புதைத்துக்கொண்டாள்.

சுகன்யாவின் கைகள் அப்படியே நின்றன. நான் செய்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

"பரவால்லைங்க" என்றாள். "கோவமா இருக்கறா. இருக்கட்டும்." கையைக் கீழே போடாமல், தொடாமல், பக்கத்திலேயே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தாள். நானும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கண்ணாலேயே அடக்கினாள். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. தோளிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து அந்த அட்டையின் கயிற்றைப் பிடித்தது. பிடித்து இழுத்தது. அதோடு இனியாவும் அம்மாவிடம் போய்விட்டாள். என் தோள் திடீரென்று லேசாகிவிட்டது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. டிக்கெட் என்றால் சுகன்யாதான். நான் பெட்டி தூக்குகிறவன். இப்போது டச் போன் வைத்திருக்கும் மாமனார், வீடியோ அழைப்பில் நாங்கள் கடைக்குக் கிளம்புகிறோம் என்றால்கூட விடமாட்டார். "ஒரே டிக்கெட்டுதானுங்களே மாப்பிள்ளை?" என்பார். அதிகம் பேசாத மனிதர், இதை மட்டும் மறக்காமல் கேட்பார்.

போன மாதம் டிராமில் ஊருக்குள் போகக் கிளம்பினோம். மெஷினில் நான்தான் பட்டனை அழுத்தினேன், சுகன்யா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க. பெரியவர்களுக்கு இரண்டு சீட்டுகள் வந்தன. சின்னக் குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. இந்தக் கதையை ஒவ்வொரு உறவினர் வாயிலும் கேட்டு வளர்ந்த இனியா, அந்த இரண்டு சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, நான் எதுல இருக்கேன்?"

சுகன்யா இரண்டு சீட்டையும் என்னிடமிருந்து வாங்கி அவள் கையில் கொடுத்தாள். இனியா அவற்றை ஒன்றாக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். பரிசோதகர் வந்து கேட்டபோதுகூடக் கையை விரித்துக் காட்டினாளே தவிர, இறங்கும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை.